பத்து பெரிங்கியில் அலையில்லாத இடம்

யாழினி, முகிலா,

பள்ளி விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் "பாப்போம், பாப்போம்" என்று நழுவிக்கொண்டே இருக்கிறேன். நேற்றுச் சாப்பிடும்போது முகிலன் கேட்டான்: "அப்பாவுக்குத்தான் நீச்சல் தெரியும்லா, அப்புறம் என்னா பயம்?" யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் சொல்லப் போனால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த தமிழ்தான் இது. பிழை இருந்தால் யாழினி பென்சிலால் திருத்திக்கொள்ளலாம்.

பெரியப்பாவின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்று, யாருடையதோ ஒரு பச்சைக் கைலியைக் கட்டிக்கொண்டு, முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? "பாறையில வழுக்கிட்டேன், வேட்டி கிழிஞ்சு போச்சு" என்று சொன்னேன். அது பொய். அம்மாவுக்கு அன்றைக்கே உண்மை தெரியும். இனி உங்களுக்கும் தெரியட்டும். படிக்கும்போது பயப்பட வேண்டாம். அப்பா பிழைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது அம்மா போட்ட தேநீர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் உங்களுக்குப் பரீட்சை. அதனால் அம்மா உங்களோடு வீட்டில் இருந்தாள். காலை 5.35-க்குச் சிம்பாங் அம்பாட்டில் நம் வீட்டு வாசலிலிருந்து அந்தோணி மாமாவின் வெள்ளை வேன் கிளம்பியது. மாமா ஓட்டினார். பக்கத்தில் கமலா அத்தை. பின்சீட்டில் நான். என் மடியில் ஒரு சின்ன மண்கலயம். வாயைச் சிவப்புத் துணியால் கட்டியிருந்தார்கள். கடலைச் சேரும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது. ஆறடி உயரம், நிபோங் திபாலிலிருந்து முப்பது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய உடம்பு. அந்தப் பெரியப்பா என் மடியில் ஒரு பூனைக்குட்டி கனம் இருந்தார்.

பெரியப்பாவின் குரலும் என் குரலும் ஒன்று என்று எல்லாரும் சொல்வார்கள். போனில் நான் "ஹலோ" சொன்னால், "அண்ணே, எப்ப வந்தீங்க?" என்று அத்தையே ஏமாந்திருக்கிறாள். இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இது வரும்.

5.50-க்கு பத்து காவான் ஊரின் டோல். ஏழு வெள்ளி. அங்கிருந்து தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம், இருபத்து நான்கு கிலோமீட்டர். முந்தின இரவு முழுக்கக் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. பாலத்தில் எங்களைத் தவிர நாலைந்து லாரிகள்தான். இரண்டு பக்கமும் கடல் கறுப்பாகக் கிடந்தது. தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்கு மட்டும் ஏறி இறங்கியது. அலை இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. நான் அதை அழகு என்று பார்த்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

6.10-க்கு பத்து மாவுங்கில் தீவுக்குள் இறங்கினோம். 6.30-க்கு ஜெலுத்தோங்கில் பண்டாரம் ஐயா ஏறிக்கொண்டார். காரியம் செய்து வைப்பவர் அவர்தான். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை, மற்றொரு கையில் மூன்று போன்.

6.45-க்கு ஜார்ஜ் டவுன், லெபோ பாசார். பூக்கடை அக்கா அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். உதிரிப்பூ ஒரு பை, பன்னிரண்டு வெள்ளி. என் மடியில் இருந்த கலயத்தைப் பார்த்துவிட்டுப் பத்து வெள்ளி போதும் என்றார். எதிர்க்கடையில் ரொட்டி சானாய் தட்டும் சத்தம் கேட்டது. அந்தோணி மாமா வேனை நிறுத்திய இடத்திலேயே நின்று அந்தப் பக்கம் பார்த்தார்.

"பாக்காதீங்க" என்றாள் அத்தை. "முடிச்சுட்டுத்தான் சாப்பாடு."

"கொள்ளி வச்சவன் உன் தம்பி. நான் எதுக்கு பட்டினி?"

"எங்க அண்ணன் போயிட்டாரு. உங்களுக்கு ரொட்டி சானாய் கேக்குது."

"உங்க அண்ணன் இருந்தா இந்நேரம் ரெண்டு சாப்புட்டு மூணாவதுக்கு ஆர்டர் கொடுத்திருப்பாரு லா" என்றார் மாமா. அத்தை சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே அழுதாள். மாமா சாப்பிடாமல் வண்டியை எடுத்தார்.

மாமா கிறிஸ்துவர் என்று உங்களுக்குத் தெரியும். அத்தை வெள்ளிக்கிழமை கோவிலுக்கும் போவாள், ஞாயிற்றுக்கிழமை அவரோடும் போவாள். நம் சடங்குகளில் மாமா எப்போதும் கடைசி வரிசையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் சேர்த்து வேனிலேயே பண்டாரம் விவரம் சொன்னார்.

"ஆறு வந்து கடல்ல சேர்ற எடமா பாத்துக் கரைக்கணும். அதான் புண்ணியம். தம்பி இடுப்பளவு தண்ணிக்குப் போயி, கடலுக்கு முதுகு காட்டி நின்னுக்கிட்டு, கலயத்தை தலைக்கு மேல பின்பக்கமா விட்டுறணும். மூணு முழுக்கு. முழுகினதும் நேரா மேல வந்துறணும். தம்பி முழுக்குப் போடுறப்பவே நம்ம மூணு பேரும் வேன் காடிக்கு நடந்துறணும். யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பின்னாலேருந்து யார் கூப்புட்டாலும் பாக்கக் கூடாது."

"யாரு கூப்புடுவா?" என்றார் மாமா.

"கூப்புடுவாங்க" என்றார் பண்டாரம்.

"எங்க சாமியார் மண்ணைப் போட்டு மூடிட்டு, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடுவாரு. உங்களுக்கு சட்டம் ஜாஸ்தி."

"வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாருங்க" என்றாள் அத்தை.

தஞ்சோங் பூங்கா தாண்டியதும் ரோடு மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும். வலது பக்கம் பள்ளத்தில் கடல். லெபோ பாசாரிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். 7.35-க்கு பத்து பெரிங்கியில் இறங்கினோம். விடிந்துவிட்டது. ஹோட்டல்களுக்கு நடுவே ஒரு சந்து, சந்தின் முடிவில் சவுக்கு மரங்கள், அதற்கப்பால் மணல். மலையிலிருந்து வரும் ஒரு சின்ன ஆறு அங்கேதான் கடலில் விழுகிறது. இரவு பெய்த மழையில் தேநீர் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

மணலில் ஒரு கம்பத்தில் சிவப்புக் கொடி படபடத்தது.

"அது என்னா கொடி?" என்று மாமா கேட்டார்.

"அது குளிக்கிறவங்களுக்கு" என்றேன் நான். "நம்ம குளிக்கவா வந்தோம்?"

பிள்ளைகளே, இதைச் சொன்னது பண்டாரம் இல்லை, அத்தை இல்லை. உங்கள் அப்பா.

நூறு மீட்டர் தள்ளி ஒரு மலாய்க்காரர் மணலில் ஏற்றி வைத்த படகிலிருந்து மழைத்தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை. கடலைப் பார்த்தேன். இடது பக்கம் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்தது. வலது பக்கமும் அப்படியே. நடுவில், ஆறு கடலைத் தொடும் இடத்துக்கு நேராக, ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் வழவழவென்று கிடந்தது. ரோடு போட்ட மாதிரி. இரண்டு லாரி ஒன்றாகப் போகிற அகலம் இருக்கும்.

"பாத்தியாடா" என்றாள் அத்தை. "கடல் ஆத்தா வழி விட்டிருக்கா. அதுலயே எறங்கு."

எனக்கும் அதுதான் நல்ல இடமாகப் பட்டது. அலை உடைகிற இடத்தில் கலயத்தோடு யார் இறங்குவார்கள்? கண் உள்ள எவனும் அமைதியான இடத்தைத்தான் தேடுவான்.

7.55 இருக்கும். பூவைத் தூவிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் குளிரவில்லை. காலுக்குக் கீழே மணல் மெல்ல நழுவிக்கொண்டே இருந்தது. இடுப்பளவு வந்ததும் கரையைப் பார்க்கத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் கடல். "போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிக் கலயத்தைத் தலைக்கு மேலே பின்பக்கமாக விட்டேன். பொளக் என்று ஒரு சத்தம். கரையில் பண்டாரம் கையைக் காட்டினார். மூன்று பேரும் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

முதல் முழுக்கு. எழுந்தேன், தண்ணீர் நெஞ்சுவரை இருந்தது. இரண்டாவது முழுக்கு. எழுந்தேன், கழுத்து. நான் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. மூன்றாவது முழுகி எழுந்தபோது காலுக்குக் கீழே மணல் இல்லை.

அப்போதும் பயம் வரவில்லை. சின்ன வயதில் நிபோங் திபாலில் தோட்டத்துக் கால்வாயைக் குறுக்கே நீந்திப் பந்தயம் கட்டியவன் நான். உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், "அப்பா தண்ணியில புலி" என்று. கரையைப் பார்த்து நேராக நீந்தினேன். இருபது வீச்சு போட்டுத் தலையைத் தூக்கினேன். சவுக்கு மரம் கிட்டே வரவில்லை. எட்டப் போயிருந்தது. இன்னும் இருபது. மரம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. வேட்டி அவிழ்ந்து இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. அதை உதறுவதற்குள் இரண்டு வாய் உப்புத் தண்ணீர் குடித்தேன். கால்வாய்த் தண்ணீருக்கு இரண்டு பக்கமும் கரை இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கையில் புல் கிடைக்கும். இங்கே ஒரே பக்கம்தான் கரை, அதுவும் போய்க்கொண்டே இருந்தது.

கத்தினேன்.

கரையில் மூன்று முதுகுகள் தெரிந்தன. பண்டாரத்தின் வெள்ளை வேட்டி, அத்தையின் ஊதாப் பஞ்சாபி உடை, மாமாவின் கட்டம் போட்ட சட்டை. மறுபடியும் கத்தினேன். முதுகுகள் வேகமாக நடந்தன. நான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் என்ன நினைத்தேன் என்று யாழினி கேட்பாள். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. முகிலனின் சைக்கிள் சங்கிலி இன்னும் மாட்டவில்லையே என்று நினைத்தேன். சனிக்கிழமை மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வேறு யாருக்கும் அந்தச் சங்கிலி சரியாக மாட்ட வராது என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

கரையில் நடந்ததைப் பிறகு மாமா சொன்னார். காற்றில் என் வார்த்தை போய்ச் சேரவில்லை. குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று அத்தைக்குச் சந்தேகமே இல்லை.

"அண்ணன் கூப்புடுறாரு" என்று அழுதுகொண்டே நடையைக் கூட்டினாளாம். பண்டாரம், "நடங்கம்மா, நடங்க, நிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

மாமா நின்றுவிட்டார்.

"திரும்பாதீங்க!" என்று அத்தை அவர் கையைப் பிடித்துக் கிள்ளினாளாம்.

"மச்சான் கூப்புடுறாரு கமலா" என்றாராம் மாமா. "உயிரோட இருந்தப்ப அவரு கூப்புட்டு நான் எப்ப போகாம இருந்திருக்கேன்? இப்ப மட்டும் எப்புடி போகாம இருக்கிறது?"

சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தண்ணீரில் இறங்கிய என்னைக் காணவில்லை, தூரத்தில் ஒரு தலை மட்டும் தெரிகிறது. மாமாவுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் ஓடத் தெரிந்தது. மணலில் அந்தப் படகுக்காரரைப் பார்த்து, "தோலோங்! தோலோங்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். காப்பாற்றுங்கள் என்று மலாயில் கத்தினார். நம் மாமா அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அன்றும் நான் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் உப்பு.

நான் பார்த்தது படகுக்காரரைத்தான். அவர் வாளியைப் போட்டுவிட்டு எனக்கு நேரே ஓடி வருவார் என்று நினைத்தேன். அவர் கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடினார். ஓடிக்கொண்டே இரண்டு கையையும் ஒரே பக்கமாக வீசி வீசிக் காட்டினார். "ஜாஙான் லாவான்! தெப்பி! தெப்பி!" எதிர்க்காதே, ஓரமாகப் போ. முதலில் எனக்குப் புரியவில்லை. கரை அங்கே இருக்கிறது, இந்த ஆள் எங்கே போகச் சொல்கிறார் என்று கோபம்தான் வந்தது. ஆனால் எதிர்க்க என்னிடம் தெம்பு மிச்சமில்லை. கையைப் போட்டுவிட்டேன். மல்லாக்கப் படுத்தேன்.

ஒரு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் என்னைக் கீழே இழுக்கவில்லை. வெளியே கொண்டுபோனது, அவ்வளவுதான். மூக்கும் வாயும் மேலேயே இருந்தன. மூச்சு விட முடிந்தது. வானம் வெளுத்திருந்தது. நான் விட்ட பூ நாலைந்து என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது. மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவர் காட்டிய பக்கமாக, கரைக்கு இணையாக, மெதுவாகக் கை போட்டேன். முப்பது வீச்சு இருக்கும். திடீரென்று இழுப்பு நின்றுவிட்டது. யாரோ கையை விட்ட மாதிரி. பிறகு பின்னாலிருந்து ஒரு அலை வந்து என்னைத் தூக்கிக் கரைப் பக்கம் ஓரடி தள்ளியது. வாழ்க்கையில் ஒரு அலையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்குள் அவரும் மாமாவும் படகைத் தள்ளி, மோட்டாரைக் கிளப்பி வந்துவிட்டார்கள். படகு விளிம்பில் தொங்கி ஏறும்போதுதான் முழங்கை சிராய்த்தது. வேட்டி போய், உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு படகுக்குள் விழுந்தேன். படகுக்காரர் தன் தோளில் இருந்த பச்சைக் கைலியை என்மேல் போட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "நீயாடா?" என்றார்.

"நான்தான் மச்சான். வேற யாரு?"

"நான் பெரிய மச்சான்னு நெனச்சுத்தான் திரும்பினேன்" என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். பைத்தியக்காரர்கள் மாதிரிச் சிரித்தோம். படகுக்காரர் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்.

8.20-க்குக் கரையில் காலை வைத்தேன். அத்தை ஓடி வந்து முதலில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள். "உன் குரலுன்னு தெரியலடா, தெரியலடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பண்டாரம் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஓடி வந்த அவசரத்தில் ஒரு போனைத் தண்ணீரில் போட்டுவிட்டாராம். அதைத் தேடக்கூட அவர் போகவில்லை.

படகுக்காரர் பெயர் டின். எல்லாரும் பாங் டின், அதாவது டின் அண்ணன், என்று கூப்பிடுகிறார்கள். என் வயதுதான் இருக்கும். எனக்கு முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு மலாயில் சொன்னார்: "உனக்கு நல்லா நீச்சல் வருது. அதனாலதான் சாகப் பாத்த. நீச்சல் தெரியாதவன் இவ்வளவு சண்டை போட மாட்டான்."

பிறகு குச்சியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். அலை கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு தண்ணீரும் திரும்பிப் போக வேண்டும். எங்கே பள்ளமாக இருக்கிறதோ அந்தப் பக்கமாக மொத்தமாகப் போகும். ஆறு விழுகிற இடத்தில், அதுவும் மழை பெய்த மறுநாள், அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். தண்ணீர் வெளியே ஓடுகிற இடத்தில் அலை உடையாது. அதனால்தான் அமைதியாகத் தெரியும். "நீங்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குகிறீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எங்கள் பாக்டரியை வைத்து இதை நான் புரிந்துகொண்டேன், நீங்களும் அப்படிப் புரிந்துகொள்ளலாம். புக்கிட் தெங்காவில் காலையில் ஆள்கள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் பல பக்கமாக உள்ளே வருவார்கள். ஷிப்டு முடிந்தால் எல்லாரும் ஒரே சின்ன கேட் வழியாக வெளியே போவார்கள். அந்த நேரத்தில் கேட்டுக்குள் எதிரே நடந்து பாருங்கள். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ரோட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். இரண்டடி பக்கத்தில் நகர்ந்து கார்டு ரூம் ஓரமாக நின்றால் போதும், உங்களை யாரும் இடிக்க மாட்டார்கள். கடலிலும் அவ்வளவுதான். அன்றைக்கு நான் கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு மொத்த ஷிப்டோடும் சண்டை போட்டேன்.

ஆறு சேரும் இடம், கடலுக்கு முதுகு, திரும்பிப் பார்க்காத நடை. மூன்றையும் பெரியவர்கள் ஏதோ நல்லதுக்குத்தான் வைத்திருப்பார்கள். போனவரை மனத்தால் விட்டுவிட வேண்டும் என்பதற்காக இருக்கும். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் இன்னும் போகாத ஒருவன் நிற்கிறான், அவனையும் சேர்த்தா விட்டுவிட்டுப் போவது? இதை நான் கேட்கவில்லை. பண்டாரமே சொன்னார். வேனில் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எத்தனையோ குடும்பத்தை இங்க கொண்டாந்திருக்கேன். இனிமே காரியம் செய்ற கர்த்தா தண்ணியை விட்டு வெளிய வர்ற வரைக்கும் நான் கடலைப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன். பாவம்னா அது எனக்கு வரட்டும்" என்றார்.

9.10-க்கு ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தோம். நான் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டேன். மாமா நான்கு. அத்தை அவர் தட்டில் தானே ஐந்தாவதை எடுத்து வைத்தாள்.

"காலையில எனக்கு ரொட்டி சானாய் கேக்குதுன்னு சொன்ன?" என்றார் மாமா.

"சாப்புடுங்க" என்றாள் அத்தை. "இனிமே எந்தக் காரியத்துக்குப் போனாலும் நீங்க வயிறு நெறய சாப்புட்டு, நல்லா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு வாங்க."

திரும்பும்போது தீவிலிருந்து பெருநிலத்துக்கு வருவதற்கு டோல் இல்லை. பாலத்தில் வெயில் ஏறியிருந்தது. காலையில் கறுப்பாகக் கிடந்த கடல் இப்போது பச்சையாக இருந்தது. நான் அதன் அழகைப் பார்க்கவில்லை. எங்கே வெள்ளையாக உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சிம்பாங் அம்பாட் வந்ததும் நம் வாசலில் முகிலனின் சைக்கிள் சங்கிலி இல்லாமல் சாய்ந்து கிடந்தது. குளிக்கும் முன்னாலேயே உட்கார்ந்து மாட்டினேன். "இன்னைக்கு சனிக்கிழமையாப்பா?" என்று கேட்டாயே முகிலா, ஏன் அன்றைக்கே மாட்டினேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போவோம். நிச்சயமாகப் போவோம். கொடியைப் பார்ப்போம், அங்கே இருக்கிறவரிடம் கேட்போம், பத்து நிமிடம் மணலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் கால் நனைப்போம். எப்போதாவது இழுத்தால் சண்டை போடாதீர்கள். மல்லாக்க மிதந்திருங்கள், கையைத் தூக்கிக் காட்டுங்கள், பக்கவாட்டில் போங்கள். யார் கூப்பிட்டாலும் அப்பா திரும்பிப் பார்ப்பேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு நாள். உங்களிடம் சொல்லாமல் தனியாக மறுபடி பத்து பெரிங்கிக்குப் போனேன். அந்தப் பச்சைக் கைலியை அம்மா துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பாங் டினிடம் கொடுத்தேன். "இதுக்காகவா அவ்வளவு தூரம் வந்த?" என்று சிரித்தார். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று காற்று இல்லை. ஆறு மெலிந்து போயிருந்தது, கம்பத்தில் சிவப்புக் கொடியும் இல்லை. சட்டைப்பையில் ஒரு செம்பருத்தி கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டாத இடத்தில் நின்று அதைப் போட்டேன். மெதுவாக வெளியே போனது, அன்றைக்கு நான் போன அதே வழி. கொஞ்ச தூரம் போய், பக்கத்தில் ஒதுங்கி, ஒரு சின்ன அலையில் ஏறிக் கரைக்குத் திரும்பி வந்தது. அதை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

பிறகு காடியை நோக்கி நடந்தேன். சவுக்கு மரம்வரை முதுகு காட்டியே நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் நின்று திரும்பிப் பார்த்தேன்.